வேப்பூர் டவர்

“இன்னும் மேல ஏறுடி தமிழு!”

கீழேயிருந்து தனக்கோடி சித்தி கத்தினாள். ஏறுவதற்கு மேலே எதுவும் இல்லை. பொம்மைக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிமேல், வழுக்குகிற மூடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில், பால் கவருக்குள் சுற்றிய செல்போன். மழை பக்கவாட்டில் அடித்தது. திரையில் ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டு வந்தது. கால்வாசி. பாதி. பாதிக்கும் கொஞ்சம் மேலே. அங்கே நின்றது. கோடு அழிந்தது. செய்தியை எடுக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் வந்தது.

“என்னாடி ஆச்சி?”

“போயிடுச்சி சித்தி.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

“படம் சித்தி! படம்தான் போயிடுச்சி. மறுபடியும் எடுக்கலாம். எந்திரிங்க.”

அந்தப் படத்தில் ஒரு முகம் இருக்கிறது. இறந்துபோனவரின் முகம். அது என் அப்பா நடராசனா, தனக்கோடி சித்தியின் வீட்டுக்காரர் தேவநாதனா என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் தீபாவளி முடிந்து ஒன்றாக ரயில் ஏறி, குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குச் சூளை வேலைக்குப் போனவர்கள். அங்கே சூளைக்குப் போகிற கேஸ் குழாய் வெடித்துவிட்டது. தூக்கி எறியப்பட்டவர் விழுந்த இடத்திலேயே இறந்துவிட்டார். தீயில் மாட்டியவர் தலையிலிருந்து இடுப்பு வரை கட்டோடு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அங்கே நம் பக்கத்து ஆள் வேறு யாரும் இல்லை. இவர்கள் முகத்தைப் பெயரோடு சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

செய்தி வந்தது இன்று காலையில். வேலைக்கு ஆள் அனுப்புகிற கலியமூர்த்தி மேஸ்திரி குடையோடு எங்கள் வாசலில் நின்றார். புயல் கரையேறியதிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. பொம்மை அச்சு ஒன்றும் காயாததால் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. எங்கள் வீட்டில் ஒழுகாத மூலையில் அடுப்பை வைத்து அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தனக்கோடி சித்தி தன் மகன் சேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புத் தீயில் அவன் ஜட்டியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் சித்தியும் ஒரே கம்பெனியில் பொம்மைக்குப் பிசிறு சுரண்டுகிறவர்கள். அச்சிலிருந்து எடுத்த பிள்ளையாருக்கும் வாத்துக்கும் ஓரத்தில் ஒரு கோடு நிற்கும். அதை பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும்.

மேஸ்திரி சித்தியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொள் என்று எனக்குக் கண் காட்டினார். வாங்கிக்கொண்டேன்.

“தனக்கோடி, மனச தேத்திக்கம்மா. தேவநாதன் நம்மள வுட்டுட்டுப் பூட்டான். சட்டையில அவன் பேரு போட்ட டோக்கன் இருந்துச்சாம். நடராசனுக்கும் பலமா அடி. ஆஸ்பத்திரில சேத்துருக்குது.”

சித்தி அழவில்லை. ஜட்டியைத் திருப்பிப் போட்டுக் காயவைத்தாள். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“அழுவாத தனக்கோடி, அழுவாத. டோக்கன வச்சிதான சொல்றானுவ? அது என்னாத்துக்கு ஆவும்? அவங்க ரெண்டு பேரும் பேரு பாத்தா எடுத்துட்டுப் போறாங்க? ஒரே ஆணியில மாட்டிக் கெடக்குது, கைக்கு எது வருதோ அத எடுத்துட்டுப் போறம்னு அவருதான போன்ல சொல்லி சிரிச்சாரு...”

அம்மா நிறுத்தினாள்.

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. சித்தி அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அப்பன்னா... அக்கா?”

அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. சித்தியின் கண்ணில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். அது எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன உயிர் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிந்திருக்கும். அவள் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

“அட சனியனுங்களா! அங்கயும் போயா இந்த வேல செஞ்சானுவ?”

இங்கே செராமிக் பேட்டையில் அது ஒரு தப்பே இல்லை. சூளை பற்றவைத்தால் வேகும்வரை விட்டு நகர முடியாது. ஒருத்தருக்குத் தூக்கம் வந்தால் இன்னொருத்தர் நிற்பார். ஒருத்தர் வீட்டில் விசேஷம் என்றால் இன்னொருத்தர் அவர் பெயரில் நிற்பார். முதலாளிக்குத் தீ எரிந்தால் போதும், முகத்தைப் பார்க்க மாட்டார். அப்பாவும் தேவநாதன் சித்தப்பாவும் அப்படியே பழகியவர்கள். சூளை நிறத்தைத் தூரத்திலிருந்தே பார்த்து வெந்துவிட்டது என்று சொல்கிற இரண்டு பேருக்கும், இங்கிலீஷில் எழுதிய தங்கள் பெயர் எது என்று தெரியாது.

மேஸ்திரி தன் போனில் குஜராத்துக்குப் பேசினார். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியைக் கத்திக் கத்திப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஒங்க அப்பன் வாங்கிக் குடுத்த கலர் போன் வச்சிருக்க இல்ல? நம்பர சொல்லு. கம்பெனி சூப்ரவைசரு போட்டோ அனுப்புறானாம். என் போன்ல டார்ச்சிதான் எரியும், படம் வராது.”

“வந்தா என்னா பண்றதுங்க?”

“பாத்துட்டு யாருன்னு சொல்லு. நாளக் காலைக்குள்ள பேரு சொல்லணுமாம். பொணத்த வச்சிக்க அங்க எடம் இல்ல. நாம சொல்லலன்னா டோக்கன்ல இருக்கற பேரயே எழுதி அவனுவளே காரியத்த முடிச்சுடுவானுவ. உசுரோட கெடக்கறவனுக்கும் பேரு வேணும், பொண்டாட்டி கையெழுத்து வேணும். நான் மெட்ராஸ் வண்டி எதுனா ஓடுதான்னு பாத்து ஏறிடறன். நான் போய்ச் சேரற வரைக்கும் தாங்காது.”

அவர் போனதும் முதல் படம் வந்தது. சின்னப் படம், உடனே இறங்கிவிட்டது. கிழிந்த சட்டைத் துணிமேல் வைத்த டோக்கன். அவ்வளவுதான். இரண்டாவதுதான் முகம். அது வந்திருக்கிறது என்று போன் சொன்னது, ஆனால் உள்ளே எடுக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. போன் பேசவே வெளியே வர வேண்டும். வாசலில் முயன்றேன். சந்து முனையில் முயன்றேன். பிறகுதான் தொட்டிக்கு ஏறினேன்.

தொட்டியிலிருந்து இறங்கியபோது வாட்ச்மேன் சாமிக்கண்ணு மாமா ஒரு நீள மூங்கிலோடு நின்றுகொண்டிருந்தார். அதன் நுனியில் ஒரு பீங்கான் குப்பியைக் கட்டியிருந்தார். கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற குப்பி, எங்கள் ஊரில் செய்தது.

“இதும் மேல வச்சிக் கட்டு பாப்பா. மூங்கில்ல நேரா கட்டினா சிக்னலு மூங்கி வழியா பூமிக்கு எறங்கிடும். இது கரண்டையே எறங்க வுடாது. சிக்னல வுடுமா?”

அது சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது சொன்னது. ஆனால் அவர் மழையில் நனைந்துகொண்டு கட்டியிருந்தார். பால் கவரோடு போனைக் குப்பிமேல் வைத்து ரப்பர் போட்டுச் சுற்றினேன். மாமா கம்பத்தை நட்டுக்குத்தலாகத் தூக்கிப் பிடித்தார். நான்கு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே போன் மணி அடித்தது.

“மேஸ்திரி! மேஸ்திரியாதான் இருக்கும், எறக்கு மாமா!” என்று கத்தினேன்.

“இரு இரு, எறக்கறன், ஆடுதுடி...”

அவர் இறக்கிக் கையில் கொடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. யாரோ ஒரு பையன் சிரித்தான். சித்தி அவனைப் பார்த்தாள். அவன் போய்விட்டான். படம் வரவில்லை. போனில் சார்ஜ் ஒரு கட்டை குறைந்திருந்தது.

ஜங்ஷன் ரோட்டில் செல்லுக் கடை வைத்திருக்கிற கோகுலகிருஷ்ணன் அண்ணன்தான் எனக்கு இந்தப் போனில் நெட்டு போட்டுக் கொடுத்தவர். பாட்டு இறக்குவதற்காகப் போட்டது. அதற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சார்ஜ் போடணும்னா என்கிட்ட வராத. நானே இருட்டுல கெடக்கறன்,” என்றார். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தார். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் சொன்னதைக் கேட்டார். போனை வாங்கிப் பார்த்தார்.

“சிக்னல் கட்டை முழுசா இருக்குதேண்ணா, ஏன் வர மாட்டங்குது?”

“கட்டை பேசறதுக்கு. படத்துக்கு அது பத்தாது. இந்த ஓரத்துல இங்கிலீஷு ‘ஈ’னு ஒரு எழுத்து வரணும், பாத்துருக்கியா? அது இல்லாம நீ கோபுரத்து மேல ஏறினாலும் வராது. ஊருல டவர் எல்லாம் பேட்டரில ஓடுது. டீசல் வண்டி வரல. பேச்சு போதும், நெட்ட நிறுத்துன்னு வுட்டுட்டானுவ. ஊரே ஒரே நேரத்துல அலோ அலோன்னு கத்திக்கிட்டு இருக்குது, ஒன் படத்துக்கு எங்க வழி?”

“அப்ப என்னாதான் பண்றது?” என்றாள் சித்தி.

“வேப்பூரு போங்க. ஹைவேஸ் டவரு. அதுக்குத் தனி ஜெனரேட்டர் இருக்குது, நேத்து வந்த லாரிக்காரன் அங்க நெட்டு நல்லா எடுக்குதுன்னான்.” என் பக்கம் திரும்பினார். “நல்லா கேட்டுக்க. ஓடற பஸ்ஸுல எடுக்காத. பஸ்ஸு போவப் போவ ஒரு டவர் வுட்டு இன்னொரு டவருக்கு மாறும், மாறும்போது அந்துடும், அந்துட்டா மொதல்லேர்ந்து வரணும். பஸ்ஸும் தகர டப்பாதான. போன நிறுத்தி வையி, சார்ஜ் மிஞ்சும். அங்க போயி எறங்கி, வெட்டவெளியில ஒரே எடத்துல நில்லு. கையால பொத்திப் புடிக்காத, உள்ளங்கைல படுக்க வையி. ‘ஈ’ வந்தப்பறம் எடு. எடுக்கும்போது நகராத. ஒரு அடி கூட.”

அவர் போனை அணைத்து, துடைத்து, ஒரு புது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

அம்மா வரவில்லை. “எனக்குக் காலு வரலடி. நான் புள்ளயப் பாத்துக்கறன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க,” என்றாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சித்தியின் அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். வழியில் தண்ணீர், பஸ் இல்லை. வேறு யாரும் இல்லை. அம்மா என் தலையை ஒரு முறை தடவினாள். சித்தியின் தலையையும் தடவினாள். இரண்டு பேரையும் ஒரே கையால்.

வேப்பூர் பஸ்ஸில் ஜன்னல் படுதாவெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத் துணி நாற்றம். வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி மூட்டையாகக் கட்டி ஏற்றியிருந்தார் ஒருவர். அழுகிப்போவதற்குள் யாரிடமாவது தள்ள வேண்டும் என்று கண்டக்டரிடம் புலம்பிக்கொண்டு வந்தார். படுதா இடுக்கில் பார்த்தால் இரண்டு பக்கமும் வயலே தெரியவில்லை, தண்ணீர்தான். சோளத் தட்டைகள் சாய்ந்து கிடந்தன. ஓடைப் பாலத்தில் டிரைவர் இறங்கி, ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

போன் என் பாவாடை நாடாவில் சுற்றி இடுப்பில் இருந்தது. சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஒரு தடவ போட்டுப் பாரேன்டி. ‘ஈ’ வந்துருக்குமோ என்னமோ.”

“வாணாம் சித்தி. அண்ணன் சொல்லிச்சி இல்ல?”

“ம்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஒங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிருக்கக் கூடாதுன்னுதான்டி நானும் வேண்டிக்கிட்டு வரன்,” என்றாள்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. வேர்க்கடலைக்காரர் டிரைவரைத் திட்டினார்.

“பொய்யி சொன்னன்,” என்றாள் சித்தி. குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “நான் அப்பிடி வேண்டல. காலையிலேர்ந்து வேற ஒண்ணுதான் வேண்டிக்கிட்டு இருக்கறன். கொளஞ்சியப்பர் பேரு சொல்லி அதத்தான் கேக்கறன். ஒங்க அம்மா மூஞ்சப் பாத்துக்கிட்டே கேக்கறன். நான் நல்லா இருப்பனாடி?”

“நானும் அதான் சித்தி,” என்றேன்.

“தெரியும்.”

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிளேடு பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. என் அம்மா கையும் அப்படித்தான் இருக்கும். வேப்பூர் வரும்வரை விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒருவர் வீட்டில் சாவு விழ வேண்டும் என்று ஒருவர் வேண்டிக்கொண்டு போனோம்.

வேப்பூரில் மழை தூறலாகிவிட்டிருந்தது. ரோட்டோரம் முழுக்க லாரிகள். பரோட்டாக் கடைக்காரர் கேஸ் லைட்டை வைத்துக்கொண்டு கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் டவர் தெரிந்தது, உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. புயலுக்கப்புறம் நான் பார்த்த முதல் கரண்ட் வெளிச்சம் அது. பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடைக்கு முன்னால், வானம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். போனை எடுத்து உயிர் கொடுத்தேன். கட்டை வந்தது. ‘ஈ’ வரவில்லை.

“நிக்கறதுதான நிக்கற, காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. நான் போயி டீ வாங்கிட்டு வரன். நகந்துடாத,” என்று சித்தி ரோட்டைக் கடந்து போனாள். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் ஓரத்தில் அந்த எழுத்து வந்தது.

பட்டனை அழுத்தினேன். உள்ளங்கையில் படுக்கவைத்தேன். நகரவில்லை. கோடு நிரம்பியது. இந்த முறை நிற்கவே இல்லை. நிற்க மாட்டாதா என்று நான் நினைப்பதற்குள் முழுசாக நிரம்பிவிட்டது. கிணிங் என்று சின்னச் சத்தம்.

அப்பா.

சூளையிலிருந்து வரும்போது இருப்பதுபோலவே புருவமெல்லாம் வெள்ளை மாவு. தலைமுடியிலும் மாவு. வாய் லேசாகத் திறந்திருந்தது, அசதியில் தூங்கினால் அப்படித்தான் திறந்திருக்கும். ஒரு நொடி, அப்பா வேலை முடிந்து வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. குளிக்கத் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. பிறகுதான் காதுக்குள் இருந்த கறுப்பைப் பார்த்தேன். கழுத்து இருந்த விதத்தைப் பார்த்தேன். தலைக்குக் கீழே யாரோ ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தார்கள்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது சித்தி ரோட்டின் அந்தப் பக்கத்தில், இரண்டு கையிலும் டீயோடு, லாரி போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஒரு பன்னைக் கவரோடு பல்லில் கடித்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள். வந்துவிட்டதா என்று கேட்கிறாள்.

நான் போனை அணைத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், சொன்னதும் அவள் சந்தோஷப்படுவாள். அழத்தான் செய்வாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி அந்த முகத்தில் அது வரும். வராமல் இருக்க அவளால் முடியாது. என் அப்பாவைப் பார்த்த கண்ணால் அதை என்னால் பார்க்க முடியாது.

“வந்துதாடி?”

“இல்ல சித்தி. பாதில நின்னுடுச்சி. சார்ஜும் தீந்துபோச்சி.”

“அய்யோ,” என்றாள். அது ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியவில்லை. “சரி வுடு. நீ என்னா பண்ணுவ. டீயக் குடி, ஆறிடப் போவுது.”

குடித்தேன். பன்னைப் பிய்த்து எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்தாள். தின்றேன். அப்பா செத்துப்போனது தெரிந்த பிறகு நான் பன் தின்றேன். இதை யாரிடம் சொல்வது?

திரும்பி வரும்போது சித்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலை ஆட ஆட, எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு பள்ளத்திலும் நினைத்தேன். இவள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். கட்டுக்குள் கிடக்கிற அவருக்குப் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. நான் வாயை மூடியிருக்கிற ஒவ்வொரு நிமிடமும் அவர் அப்படிக் கிடக்கிறார். அது தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம், அவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள், சேரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“பாதில நின்னுடுச்சாங்க்கா. சார்ஜு பூடுச்சி,” என்று சித்திதான் சொன்னாள்.

“அப்பிடியா,” என்றாள் அம்மா. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் குனிந்துகொண்டேன். அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். காலையிலிருந்து அவள் தோள் ஒரு மாதிரி இறுகித் தூக்கிக்கொண்டிருந்தது, அது அப்போது இறங்கியது.

அதற்கப்புறம் அம்மா வேறு ஆளாகிவிட்டாள். சித்தியின் ஈரச் சேலையை அவளே அவிழ்த்து, தன்னுடைய நல்ல சேலையை எடுத்துக் கட்டிவிட்டாள். தலையைத் துவட்டிச் சிக்கெடுத்தாள். “எனக்கு வாணாங்க்கா, எறங்கல,” என்றவளை மடக்கி, கஞ்சியில் உப்பும் மோர் மிளகாயும் போட்டுக் கரண்டியால் ஊட்டினாள்.

“நீ சாப்புடணும். புள்ளைக்குப் பால் குடுக்கறவ. நாளைக்கு ஒடம்புல தெம்பு வாணாமா?”

“நாளைக்கு என்னாக்கா ஆவும்?”

“என்னா ஆனா என்னா? நான் இருக்கறன். நீ தனியாளுன்னு நெனச்சிக்காத. எந்தக் காலத்துலயும் நெனச்சிக்காத.”

சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா தலையணையையும் அவளுக்கே கொடுத்தாள். மேஸ்திரி எந்த ஸ்டேஷனிலிருந்தோ சாமிக்கண்ணு மாமா போனுக்குப் பேசினாராம், ரயில் நகர்ந்ததும் குரல் அறுந்துவிட்டதாம். விடிந்ததும் மறுபடி பேசுவாராம், பெயர் தயாராக இருக்க வேண்டுமாம். மாமா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அமைதியாக, “சரிங்கண்ணா, சொல்லிடலாம்,” என்றாள்.

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அம்மாவைத் தனியாகக் கூப்பிட வேளை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது விளக்கை அணைத்துவிட்டோம். மண்ணெண்ணெய் இல்லை. தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் மட்டும் இருக்கிறது. சித்தியும் சேரனும் தூங்குகிறார்கள். ஊர் முழுக்கத் தூங்குகிறது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். கொஞ்சம் முன்னால் அம்மா ஊர்ந்து என் பக்கம் வந்து படுத்தாள். என் காதோடு வாயை வைத்தாள்.

“படம் வந்துடுச்சி இல்ல?”

இடுப்பிலிருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“எனக்குத் தெரியும்டி. நீ வாசல்ல தல குனிஞ்சப்பவே தெரிஞ்சிபோச்சி. அவகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான மறச்சிட்ட? நல்ல வேல செஞ்ச. ரோட்டுல வச்சி சொல்லியிருந்தா அவ லாரிக்குக் கீழ பூந்துருப்பா. இன்னைக்கு ஒரு ராத்திரி அவ தாலியோட தூங்கட்டும். காலையில நான் சொல்லிக்கறன். நீ சொல்லாத, ஒன் வாயால வாணாம்.”

“அம்மா...”

“சத்தம் போடாத.” அவள் கை என் முதுகைத் தடவியது. “மேஸ்திரி பேசினா தேவநாதன்தான்னு சொல்லிடுறன். நான் வண்டி ஏறிடறன்டி, எந்த வண்டி கெடச்சாலும். ஒங்க அப்பனுக்கு அந்தக் கட்டப் பிரிக்கும்போது நான் எதிர்ல நிக்கணும். கண்ணத் தொறந்தா என் மூஞ்சிதான் மொதல்ல தெரியணும். நீ இங்க இவளயும் புள்ளயயும் பாத்துக்க. பாவம்டி. என்னா பாவம் பண்ணுச்சி இது.”

அவள் அழுகிறாள். சித்திக்காக அழுகிறாள். இந்த அழுகையில் பயம் இல்லை. என் வாய்க்குள் அந்த ஒரு வார்த்தை இருக்கிறது, நாக்கு அதைத் தூக்க மாட்டேன் என்கிறது. அம்மா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இன்னும் நெருங்கி வந்து, அதே மெதுவான குரலில் கேட்கிறாள்.

“மூஞ்சி நல்லா இருந்துதாடி, அந்த மனுசனுக்கு?”